13-இலிருந்து 9-ஐக் கழிக்க ஒரு வகுப்பு: ஜப்பானின் பயிற்சி ஆசிரியர்கள்

"ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்பும் மாணவர்கள் நான்கு வாரம் மட்டுமே பள்ளிக்குப் பயிற்சிக்குச் செல்கிறார்களாமே, அதற்குள் கணிதம் கற்பிக்க எப்படிப் பழகிக்கொள்கிறார்கள்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கால அளவு ஏறக்குறைய அவர் சொல்வதுதான்: மூன்று அல்லது நான்கு வாரம். ஆனால், அந்த நாட்களில் எத்தனை வகுப்பு எடுத்தார்கள் என்பதைவிட, ஒரு வகுப்புக்கு எவ்வளவு ஆயத்தம் செய்தார்கள் என்பதையே கவனிக்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிப்பதை அறிமுகப்படுத்தும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 13 - 9 போன்ற கணக்கில் தொடங்குவது அங்கே வழக்கம். 9 என்பது 10-க்கு மிக அருகில் இருப்பதால், 13-ஐ 10, 3 எனப் பிரித்து, 10-இலிருந்து 9-ஐக் கழித்து, மிஞ்சும் 1-ஐ 3-உடன் கூட்டும் வழி குழந்தைக்கு எளிதில் புலப்படுகிறது. அதற்குப் பதிலாக 12 - 3 என்று கொடுத்தால், முதலில் 2, பிறகு 1 என்று கழிக்கவே பிள்ளைகளுக்குத் தோன்றும். எண்ணை மாற்றினால் பாடமே மாறிவிடுகிறது என்பதைப் பயிற்சி மாணவர் இங்கேதான் உணர்கிறார். என் பார்வையில், அந்தப் பயிற்சியின் உயிர்நாடி இதுவே.

அவர் எழுதும் பாடக்குறிப்பில், ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு எதிரே, பிள்ளைகள் சொல்லக்கூடிய விடைகளும் எழுதப்பட்டிருக்கும்: விரல் மடக்கி ஒவ்வொன்றாகக் குறைப்பவர் யார், 3-இலிருந்து 9 போகாதே என்று தலைகீழாக 9-இலிருந்து 3-ஐக் கழித்து 6 என்பவர் யார், யாருடைய விடையை முதலில் பலகைக்குக் கொண்டுவருவது என்பது வரை. கரும்பலகையின் எந்த மூலையில் எது வர வேண்டும் என்பதும் முன்னரே வரைந்து வைக்கப்படும். 45 நிமிட வகுப்பு முடியும்போது சிந்தனை நடந்த பாதை முழுவதும் பலகையில் இருக்க வேண்டும் என்பதால், இடையில் அழிப்பதைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள்.

பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் வழிகாட்டி ஆசிரியரும் சக மாணவர்களும் பின்னால் நின்று குறிப்பெடுக்க, ஒரு வகுப்பு நடத்தப்படுகிறது. பிறகு நடக்கும் கலந்துரையாடலில், பாடம் எடுத்தவரே முதலில் பேசுகிறார். மற்றவர்கள் அவருடைய குரல்வளத்தையோ மிடுக்கையோ அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது, அதற்கு முந்தைய கேள்வி காரணமா என்றே துருவுகிறார்கள். கேட்பவருக்கு இது சற்றுக் கடுமையாகத்தான் இருக்கும்.

நான்கு வாரத்தில் ஒருவர் தேர்ந்துவிடுவதாக ஜப்பானியரும் கருதவில்லை. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டிலிருந்து, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பணியில் இருந்தபடியே பெறும் ஓராண்டுப் பயிற்சி கட்டாயமாயிற்று. அதன் பின்னரும், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூடச் சக ஆசிரியர்கள் முன் இதே முறையில் பாடம் எடுத்து விவாதத்துக்கு உட்படுத்துகிறார்கள்.