4094 வி-லேன் தீரும் முன்பே எங்கே சிக்குகிறோம்?

[திரை: ஈதர்நெட் ஃபிரேம், நடுவில் 4 பைட் டேக் சிவப்பில்]

வணக்கம். ஒரே ஸ்விட்ச் நெட்வொர்க்கைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வி-லேன். 1998-இல் வந்த 802.1கியூ தரம், ஃபிரேமுக்குள், அதாவது நெட்வொர்க்கில் ஓடும் தரவுத் துண்டுக்குள், இந்தச் சின்ன டேக்கைச் செருகியது. அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட். ஆக 4096 எண்கள். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. நமக்கு மிச்சம் 4094.

போதுமே என்று தோன்றும். ஆனால் சில நூறைத் தாண்டும்போதே தலைவலி ஆரம்பித்துவிடும். காரணம், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஸ்விட்ச்சுகளை இணைக்கும் எல்லா டிரங்கிலும் எல்லா வி-லேனையும் திறந்து வைக்கும் நம் பழக்கம்.

[திரை: 40 ரேக்குகள், ஒன்றில் மட்டும் இரண்டு சர்வர்]

வி-லேன் 300-இல் இரண்டே சர்வர், அதுவும் ஒரே ரேக்கில். ஆனால் அவை கிளப்பும் ஒவ்வொரு ஏஆர்பி பிராட்காஸ்ட்டும் ("இந்த ஐபி யாருடையது?" என்று எல்லோரிடமும் கேட்கும் கேள்வி) 40 ரேக்குக்கும் ஊர்வலம் போகும். ஃபிரேம்கள் வளையத்தில் சுற்றாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை வி-லேனுக்கு ஒன்று என்று ஓட்டினால், அத்தனை மரங்களையும் ஸ்விட்ச்சின் சிபியு சுமக்க வேண்டும். எம்எஸ்டிபி என்ற ஸ்பேனிங் ட்ரீ வகை அந்தச் சுமையைக் குறைக்கும்: நூற்றுக்கணக்கான வி-லேன்களை இரண்டு மூன்று மரங்களில் அடக்கலாம். பிராட்காஸ்ட்டுக்கு மருந்து வேறு. தேவையில்லாத வி-லேனை டிரங்கிலிருந்து வெட்ட வேண்டும்.

வெட்டும்போது கை பத்திரம். சிஸ்கோ ஸ்விட்ச்சில் டிரங்க் பட்டியலில் ஒரு வி-லேனைச் சேர்க்க 'ஆட்' என்ற சொல் வேண்டும். அதை விட்டால் பழைய பட்டியல் மொத்தமும் போய், புது எண் மட்டும் நிற்கும். நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன். எண்டரைத் தட்டிய மறுநொடி போன் அடித்தது.

[திரை: லீஃப்-ஸ்பைன் வரைபடம்]

சரி, நிஜமாகவே எண் போதவில்லை என்றால்? விஎக்ஸ்லேன். 2014-இல் ஆர்எஃப்சி 7348 ஆக வந்தது. ஃபிரேமை அப்படியே யுடிபி பொட்டலத்துக்குள் வைத்து ஐபி வழியே அனுப்புகிறது. அதன் அடையாள எண் விஎன்ஐ 24 பிட், அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய எண் அல்ல. இங்கே வி-லேன் எண் அந்தந்த ஸ்விட்ச்சின் உள்விவகாரம் ஆகிவிடுகிறது. முதல் லீஃபில் (சர்வர்கள் சேரும் ஸ்விட்ச்) வி-லேன் 10 ஒரு வாடிக்கையாளருக்கு, அடுத்த லீஃபில் அதே 10 வேறொருவருக்கு. விஎன்ஐ வேறு என்பதால் மோதாது.

அப்புறம், இந்த உறை 50 பைட் கூட்டும். நடுவில் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1500-ஆகவே இருந்தால் பிங் ஜோராகப் போகும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். முதல் வி-லேனை விஎக்ஸ்லேனுக்கு மாற்றும் முன்பே, லீஃப்களை இணைக்கும் ஸ்பைன் போர்ட்டுகளை 9216-க்கு ஏற்றிவிடுங்கள்.