காத்திருக்கும் செய்தி எங்கே காத்திருக்கிறது?

அவையோருக்கு வணக்கம்.

ஒருவர் இணையத்தில் பேருந்து இருக்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பணம் கட்டாமலே போய்விடுகிறார். 15 நிமிடம் கழித்து அந்த இருக்கையை விடுவித்தாக வேண்டும். இதற்காகத் தரவுத்தளத்தை ஓயாமல் துழாவுவதைவிட, “15 நிமிடம் கழித்துக் கொடு” என்று ஒரு செய்தியை வரிசையில், அதாவது நிரல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளை எடுப்பவர் வரும்வரை வைத்திருக்கும் இடத்தில், போட்டுவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் முன்னால் வந்தது முன்னால் போவதே வரிசையின் இலக்கணம். தாமதம் அந்த இலக்கணத்தோடு மோதுகிறது.

இத்தகைய வரிசைகளை நடத்தும் மென்பொருளான ரேபிட்எம்க்யூவில் பலரும் கையாளும் வழியைப் பார்ப்போம். எடுப்பார் யாருமில்லாத ஒரு வரிசையில், ஆயுட்காலம் குறித்துச் செய்தியைப் போடுகிறோம்; ஆயுள் முடிந்ததும் அது, காலாவதியான செய்திகளை வேறு வரிசைக்குத் திருப்பிவிடும் ‘டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச்’ வழியாக உண்மையான வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 10:00 மணிக்கு ஒரு மணி நேர ஆயுளுள்ள செய்தியும், 10:01க்கு ஐந்து நிமிட ஆயுளுள்ள செய்தியும் அதே வரிசையில் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 10:06க்கு வரவேண்டிய இரண்டாவது செய்தி 11:00 மணிக்குத்தான் வரும்; ஏனெனில், வரிசையின் தலைப்பக்கம் வந்து சேர்ந்த பிறகே ஒரு செய்தியின் ஆயுள் முடிந்ததா என்று பார்க்கப்படுகிறது. பிழைப்பதிவு எதுவும் இராது என்பதால், காரணம் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். கால அளவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை வைப்பதே இதற்கு மாற்று.

ரேபிட்எம்க்யூவில் தாமதத்துக்கென்றே ஒரு செருகுநிரலும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) உண்டு. தாமதத்தை மில்லிவினாடிக் கணக்கில் செய்தியின் தலைப்பில் குறித்தால் போதும். சுமார் 49 நாள் வரை தாங்கும். ஆனால் காத்திருக்கும் செய்தி ஒரே ஒரு கணுவின் (ரேபிட்எம்க்யூ ஓடும் கணினிகளில் ஒன்றின்) வட்டில் மட்டுமே இருக்கும், பிற கணுக்களில் நகல் இராது. நாள்கணக்கான தாமதத்துக்கு இதை நம்ப வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

அமேசானின் வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ் 900 விநாடிக்கு, அதாவது 15 நிமிடத்துக்கு, மேல் தாமதத்தை அனுமதிப்பதில்லை. நம் இருக்கைக் கணக்குக்கு அது மிகச் சரியாகப் போதும். ஆக்டிவ்எம்க்யூ என்ற இன்னொரு வரிசை மென்பொருளிலோ, அமைப்புக் கோப்பில் திட்டமிடும் வசதியை இயக்க மறந்தால் செய்தி உடனே போய்விடும். பணம் கட்டிக்கொண்டிருப்பவரின் இருக்கை கண்ணெதிரே பறிபோகும்.

இவை எல்லாமே “இன்ன நேரத்துக்கு முன் வராது” என்றுதான் சொல்கின்றன. “இன்ன நேரத்தில் வரும்” என்று சொல்வதில்லை. ஒரே செய்தி இருமுறை வருவதும் உண்டு. ஆகவே, இருக்கையை விடுவிக்கும் நிரல், செய்தி கைக்கு வந்ததும், 14ஆவது நிமிடத்தில் அவர் பணம் கட்டிவிட்டாரா என்று முதலில் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும்.