புயல் நாளில் கடல் மிதவைக்கு யார் மின்சாரம் தருவது?

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டிலிருந்து பேசுகிறேன். கடற்கரையே இல்லாத சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு கடல் அலையைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். மார்கழியில் காப்பிப் பழத்தைப் பறித்துக் களத்தில் காயப்போட்டிருக்கும் சேர்வராயன் மலை விவசாயிக்கு, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி எவ்வளவு பெரிய கவலை என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்தச் செய்தி சரியாக அமைய வேண்டுமானால், கடல் நீரின் வெப்பம், காற்றின் வேகம், காற்றழுத்தம், அலையின் உயரம் ஆகியவற்றைக் கடலிலேயே நின்று யாராவது அளந்து சொல்ல வேண்டும்.

அந்த வேலையைச் செய்பவை மிதவைகள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் அவற்றை நிறுத்தி, செயற்கைக்கோள் வழியாகத் தரவுகளைப் பெறுகிறது. சூரியத் தகடும் பேட்டரியும்தான் வழக்கமான மின்வழி. ஆனால், அளவீடு மிகவும் தேவைப்படும் புயல் நாட்களில்தான் வானம் மூடிக்கிடக்கிறது. அதே நாட்களில் அலையோ பெருகுகிறது. ஆழ்கடலில் அலை சுமந்து வரும் திறன் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கும், அடுத்தடுத்த அலைகளுக்கு இடையிலான நேரத்துக்கும் ஏற்ப உயரும். 6 விநாடிக்கு ஒருமுறை வரும் 1 மீட்டர் அலையில், முகட்டின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 3 கிலோவாட் இருக்கிறது என்றால், 10 விநாடிக்கு ஒருமுறை வரும் 4 மீட்டர் அலையில் அது சுமார் 80 கிலோவாட் ஆகிவிடுகிறது. இதில் சிறு பங்கைத்தான் கருவியால் பிடிக்க முடியும் என்றாலும், மிதவைக்கு அந்தச் சிறு பங்கே போதும்.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்தமாகவே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அலைமின்சாரம் என்றாலே வீடுகளுக்கு வெளிச்சம் என்றுதான் நினைக்கிறோம். 1991-ல் கேரளத்தின் விழிஞத்தில் சென்னை ஐஐடி 150 கிலோவாட் நிலையத்தை அமைத்தது. அலை ஏறி இறங்கும்போது அறைக்குள் அடைபட்ட காற்று, ஒரு விசையாழியை (டர்பைன்) சுழற்றும். அருமையான முயற்சிதான், ஆனால் ஊருக்கு மின்சாரம் தரும் தொழிலாக அது வளரவில்லை. 2022 நவம்பரில் அதே ஐஐடி தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழமுள்ள கடலில் நிறுத்திய சிந்துஜா–1 தந்தது 100 வாட். ஒரு குண்டு பல்பு எரியும் அளவுதானே என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. அளவிடும் உணரிகளுக்கும் (சென்சார்) செயற்கைக்கோளுக்குத் தரவு அனுப்பும் கருவிக்கும் அது தாராளம். ஜப்பானில் அலைமின் ஆய்வாளர் யோஷியோ மசூதா 1960-களிலேயே கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவைகளை அலையின் ஆற்றலால்தான் எரியவைத்தார்.

மின்சாரமாக மாற்றாமலே அலையைப் பயன்படுத்தும் வழியும் உண்டு. வேவ் கிளைடர் என்ற ஆளில்லாக் கலத்தில் மேலே ஒரு மிதவை, சில மீட்டர் கீழே சிறகுகள் கொண்ட ஒரு சட்டம், இடையில் ஒரு இணைப்புக் கம்பி. ஆழத்தில் அலையின் அசைவு குறைவு என்பதால், மிதவை ஏறும்போதும் இறங்கும்போதும் சிறகுகள் சாய்ந்து நீரைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. கலம் முன்னே போகிறது. சூரியத் தகடு முக்கியமாகக் கருவிகளுக்குத்தான். இத்தகைய கலம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய பசிபிக் பயணத்தை முடித்து, 2012-ல் ஆஸ்திரேலியாவை அடைந்தது.

உப்பு அரிப்பு, ஒட்டி வளரும் கடலுயிர்கள், புயலில் அறுந்துபோகும் நங்கூரக் கயிறு ஆகிய மூன்றும்தான் இன்னும் பெரும் தொல்லைகள். சேலத்துப் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடினால், பெரிய நிலையத்தை விட்டுவிட்டு, சில வாட் மட்டும் தந்து ஓராண்டு பழுதில்லாமல் மிதக்கும் ஒரு கருவியை வடிவமைத்துப் பாருங்கள். கணக்கு எங்கே இடிக்கிறது என்று கருத்துப் பகுதியில் எழுதினால் சேர்ந்து பார்க்கலாம்.