பரணில் இருந்த பெட்டி யாருடையது?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீட்டின் பரணை ஒழிக்கும்போது கிடைக்கும் முந்தைய உரிமையாளரின் நினைவுப் பொருள்கள் வீட்டை வாங்கியவருக்கு உரியவையா, விட்டுச் சென்ற குடும்பத்துக்கு உரியவையா என்பது இன்றைய தலைப்பு. குடும்பத்துக்கே உரியவை என்று வாதாட வந்திருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளை வைத்தே பேசுகிறேன். பரம்பரை வீடுகள் கைமாறுவதும், அவற்றின் பரணில் இருந்தவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்வதும் அங்கே நாம் கண்ணெதிரே காண்பவை.

எதிரணித் தலைவர் கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். 'நிதி, நிட்சேபம் முதலான அஷ்ட போக பாத்தியங்களுடன்', அதாவது புதையல் உள்ளிட்ட எட்டு வகை அனுபவ உரிமைகளுடன் என்று எழுதிக் கொடுத்த பிறகு, பரணில் இருக்கும் பெட்டியை மட்டும் எப்படித் திருப்பிக் கேட்கலாம் என்றார். பத்திர வாசகம் மரபாக எழுதப்படுவது. அதற்கு மேலே சட்டம் இருக்கிறது. வீட்டை விற்றால் அதனுடன் சேர்ந்து போவன எவை என்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 8-ஆம் பிரிவில் சொல்கிறது: பூட்டு, சாவி, தாழ், கதவு, ஜன்னல், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்கென்று அமைந்த பிற. ஒரு தாயின் கடிதக் கட்டு இவற்றில் எதிலும் அடங்காது. நிதி, அதாவது புதையல் என்றே வைத்துக்கொண்டாலும், மண்ணிலோ அதன்மேல் எழுந்த கட்டடத்திலோ மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்திருப்பவருக்கு, அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே வாங்கியவர் காவலர்தான்; உடையவர் அல்லர்.

'அவர்கள் வேண்டாம் என்றுதானே விட்டுப் போனார்கள்' என்பது அவர்களின் அடுத்த வாதம். நடுவர் அவர்களே, வேண்டாம் என்று சொல்வதற்கு, அப்படியொரு பொருள் இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பத்திரத்தில் கையெழுத்திடுவோர் பெரும்பாலும் பங்காளிகளின் பேரப்பிள்ளைகள். பலர் அந்த வீட்டில் ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் வாழ்ந்திருக்க மாட்டார்கள். பெட்டிக்கு உடையவரோ, தாம் வாழ்ந்த வீடு கொழுந்தன் வழியினருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஓர் ஆச்சியாக இருப்பார். அவருடைய வாரிசுகள் மகள் வழியில் வேறு ஊரில் இருப்பார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வரும் பங்கு தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் செய்யப்பட்ட திருத்தங்களால்தான் கிடைத்தது. அதற்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களின் பெயர் பல பத்திரங்களில் இல்லை. வீட்டில் பங்கில்லாமல் போன மகளுக்குத் தாயின் பெட்டியிலும் பங்கில்லை என்று சொல்ல எதிரணியினருக்கு எப்படி மனம் வருகிறது?

என் உறவினர் ஒருவர் வாங்கிய வீட்டில் அப்படியொரு தகரப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். மூடியில் குடும்பத்தின் விலாச எழுத்துகள், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள், வெள்ளை வண்ணத்தில் இருந்தன. உள்ளே பர்மாவிலிருந்து வந்த, மரவை எனப்படும் அரக்குப் பாத்திரம் ஒன்று, குழந்தைக்குப் பால் புகட்டும், பெயர் வெட்டிய பாலாடை, பழந்துணியில் சுற்றிய இசைகுடிமானம் என்னும் திருமண உடன்படிக்கை, அடியில் ஓர் அஞ்சலட்டை. ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்த 1942-இல், காடும் மலையுமாக நடந்தே திரும்பியவர்களில் ஒருவர் கல்கத்தாவிலிருந்து எழுதியது. உடன் வந்த இளைஞன் வழியிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று நான்கே வரியில் தெரிவித்திருந்தார். சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்த உடனே கிழித்தெறிவதுதான் நம் வீடுகளின் வழக்கம். அதை உள்ளே வைத்திருக்கக் கூடாது என்பார்கள். அந்த இளைஞனின் தாய் கிழிக்கவில்லை. அட்டையின் மடிப்பு, திரும்பத் திரும்பப் பிரித்துப் படித்ததில் நைந்து இரண்டாகப் பிளக்கும் நிலையில் இருந்தது. ஊர் வழக்கத்தையும் மீறி ஒருத்தி காத்துவைத்ததை, வேண்டாம் என்று விட்டுப்போன குப்பை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாங்கிச் சேர்ப்பவர்களால்தான் பழையவை பிழைத்தன என்று கோட்டையூர் ரோஜா முத்தையாவை எதிரணியினர் மேற்கோள் காட்டினார்கள். அவர்மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. அவர் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், 1992-இல் அவர் மறைந்த பிறகு, சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயின. ஆனால் அவர் பெரிதும் தேடியவை பலருக்காக அச்சிடப்பட்டவை. அந்த அஞ்சலட்டைக்கு இன்னொரு படி கிடையாது. அதைத் தேடக்கூடியவர்களும் ஒரே குடும்பத்தார்தான். அவர்களிடம் கேட்காமலே பரண் பொருள்களைக் கடைக்குக் கொடுத்துவிட்டால், ஒரு குடும்பத்தின் சட்டமிட்ட புகைப்படம் உணவகச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. அதில் இருக்கும் ஆச்சியின் பெயரைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

குடும்பத்தை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டார்கள். தேடுவது கடினமில்லை. விற்றவரின் முகவரி பத்திரத்திலேயே இருக்கிறது. விலாச எழுத்துகளைச் சொன்னால் ஊரில் மூத்தவர்கள் வீட்டை அடையாளம் காட்டுவார்கள். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய நகரத்தார் சமூகத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. திருமணமானவுடன் அந்தந்தக் கோயிலில் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகப் பதிவாகிறார்கள். இசைகுடிமானத்திலேயே இரு வீட்டாரின் பெயரும் இருக்கிறது. பாதுகாக்கவும் தேடவும் செலவானால், அது கைக்கு வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்திருக்க ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு வாங்கியவருக்கு இடம் கொடுக்கிறது. அவருக்கு எந்த நட்டமும் இல்லை.

தேடியும் கிடைக்கவில்லை, அல்லது குடும்பத்தாரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால், பேரேடுகளையும் கடிதங்களையும் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கட்டும். மரவையைத் தம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளட்டும். அப்போது நான் தடை சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்த அன்றே தமது என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு இல்லை, குடும்பத்தாரைக் கேட்ட பிறகே எதுவும் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன். நன்றி, வணக்கம்.