அரங்கை எடுக்கலாம், மைதானத்தை விடுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊரில் ஒரு பழைய விளையாட்டரங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுகள் வெடித்துவிட்டன. கூரைத் தகரம் கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டது. மேலே ஏறி இருந்து பார்க்க ஆட்கள் பயப்படுகிறார்கள். திருத்துவதற்குக் காசு கொட்டுவதை விட, இடித்துவிட்டு அந்தக் காணியில் புதிய பாடசாலை ஒன்றைக் கட்டினால் என்ன? இதைப் பற்றித்தான் இன்று பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள்.

முதலிலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாண நகரில் உள்ள துரையப்பா விளையாட்டரங்குக்கு ஏதோ வரப்போகிறது என்று யாரும் பதற வேண்டாம். அது இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 இல் திறந்துவைக்கப்பட்ட இடம். நான் பொதுவாகவே பேசுகிறேன். ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

நம்முடைய ஊரில் பள்ளிக்கூடம் என்று சொன்னால் மறுபேச்சு இல்லை. காணியை விற்றும், நகையை அடகு வைத்தும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்பும் காசிலும் படிப்பித்த சனம் நாங்கள். ஒரு தட்டில் பாடசாலையையும் மறுதட்டில் மைதானத்தையும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அப்படி எதிரெதிரே வைத்து நிறுக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. கட்டட வேலையிலேயே காலம் கழித்த பொறியியலாளன் என்ற முறையில், அதற்கான கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

நமக்குப் பழக்கமான பரப்புக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. 100 அடி நீளம், 25 அடி அகலம் கொண்ட ஒரு வகுப்பறைக் கட்டடம் 2,500 சதுர அடி. அதாவது ஒரு பரப்புக்குள் அடங்கிவிடும். விறாந்தையையும் படிக்கட்டையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதை மூன்று மாடியாக எழுப்பினால், படிக்கட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடம் விட்டாலும் பன்னிரண்டு வகுப்பறைகள் வரும். வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்று வைத்தால் 480 பேர். ஆய்வுகூடம், நூலகம், மண்டபம், மலசலகூடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் சில பரப்புகள் போதும்.

இப்போது மைதானத்துக்கு வாருங்கள். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் உள்ள உதைபந்தாட்ட மைதானத்துக்கு மட்டும் 28 பரப்பு வேண்டும். எட்டுச் சுவட்டோடு 400 மீற்றர் ஓடுபாதை போட வேண்டுமானால் ஏறத்தாழ 65 பரப்பு. இதை மாடி மாடியாக அடுக்க முடியாது. வகுப்பறையை மேலே தூக்கலாம், ஓடுபாதையை எங்கே தூக்குவது? நகரத்துக்குள் 65 பரப்பு ஒரே துண்டாக வேறு எங்கே கிடைக்கும்? யாழ்ப்பாண நகரில் காணி விலையும் காணித் துண்டுகளின் அளவும் தெரிந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருமுறை கைவிட்டால் அப்படி ஒரு வெளி திரும்பி வராது.

ஆகவே நான் சொல்வது இதுதான். அரங்கு பழுதாகிவிட்டதா? அரங்கை எடுங்கள். பார்வையாளர் படிக்கட்டு நின்ற அந்தப் பட்டையிலே மாடிக்கட்டடம் எழும்பட்டும். நடுவில் கிடக்கும் மண்ணைத் தொடாதீர்கள்.

பழைய படிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குக் கீழே வகுப்பறை அமைத்தால் காசு மிச்சம்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு நான் உடன்பட மாட்டேன். யாழ்ப்பாணத்தில் கடலுக்குத் தொலைவு என்று சொல்லக்கூடிய இடம் குறைவு. உப்புக் காற்று கொங்கிறீட்டின் சின்னச் சின்ன வெடிப்புகளால் உள்ளே போய்க் கம்பியைப் பிடிக்கும். இரும்பு கறளாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருக்கும். உள்ளே இருந்து அது நெருக்க, மேலே உள்ள கொங்கிறீட் பாளம் பாளமாகக் கழன்று விழும். வெளியே பூசி வெள்ளையடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், கழன்ற இடத்தில் பொத்தென்று கேட்கும். இன்னொரு சோதனை உண்டு. புதிதாக உடைத்த கொங்கிறீட் முகத்தில் ஃபீனோல்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கொங்கிறீட் பளிச்சென்று ரோஸ் நிறமாக மாறும். காற்றுப் பட்டுக் காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமலே கிடக்கும். அந்த நிறமில்லாத பகுதி கம்பி வரைக்கும் போயிருந்தால், அந்தக் கட்டடத்துக்குக் கீழே பிள்ளைகளை இருத்தக் கூடாது. இங்கே சண்டை நடந்த காலத்து அதிர்ச்சிகளையும் சேர்த்து நினைக்க வேண்டும். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சீமெந்துக்கே வழியில்லாமல், பார்க்க வேண்டிய வேலைகள் பார்க்கப்படாமல் போன கட்டடங்கள் எத்தனையோ இங்கே உண்டு.

புதிதாகக் கட்டும்போது நீண்ட பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். வெயில் நேரே வகுப்புக்குள் விழாது, சோளகமும் வாடையும் ஊடாக வந்து போகும். கூரையில் விழுகிற மழைத் தண்ணீரை மைதானத்தின் ஓரத்தில் கிடங்கு வெட்டி நிலத்துக்குள் இறக்க வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்த் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும் மழைநீர்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. திறந்த மண் தரை ஒவ்வொன்றும் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்குகிற வழி. வளவு முழுக்க இன்ரலொக் கல் பதித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் நிற்கிறது என்று மாநகர சபையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, கட்டடத்தை விடுவோம். அந்த இடத்தில் ஒரு புதிய பாடசாலை வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. நகரத்தில் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு முதலாம் ஆண்டு அனுமதிக்காக நடக்கும் அலைச்சலைப் பெற்றோர் நன்றாக அறிவார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிவு வந்ததும் இன்னொரு அலைச்சல். அதே நேரம் தீவகத்திலும், 1990 இல் இடம்பெயர்ந்து காலம் கடந்து திரும்பிய வலிகாமம் வடக்கிலும், கட்டடம் இருந்தும் பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளைப் பார்க்கிறோம். நகரின் நடுவில் இன்னொரு பெரிய பாடசாலை எழும்பினால் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளையும் அதுதான் இழுக்கும். காலையில் வானும் ஓட்டோவும் இன்னும் கூடும். ஏற்கெனவே உள்ள ஒரு நெருக்கடியான பாடசாலைக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதற்காகக் கட்டினால் நான் வரவேற்பேன். புதிய பெயர்ப்பலகைக்காக என்றால், அந்தக் காசை ஊர்காவற்றுறைக்கோ காங்கேசன்துறைக்கோ நல்ல ஆசிரியர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் அவர்களுக்கு விடுதி அமைப்பதற்கும் செலவழிக்கச் சொல்வேன்.

மைதானம் தப்பினாலும் படலை யாருடைய கையில் என்பது அடுத்த பிரச்சினை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பொது அரங்காக இருந்தவரை மாலையில் எல்லாரும் வருவார்கள். குருநகர்ப் பெடியள் பந்தோடு வருவார்கள். ஒரு பக்கம் கிரிக்கெட் ஓவர்கேம் நடக்கும். வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி ஓடுவார்கள். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பிய அம்மாமார் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கதைத்துக்கொண்டு நடப்பார்கள். பாடசாலையாகிவிட்டால் ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் போனதும் படலைக்குப் பூட்டு விழும். அதிபரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே ஒரு கண்ணாடி உடைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இதை அதிபரின் நல்ல மனதை நம்பி விடக் கூடாது, வரைபடத்திலேயே தீர்க்க வேண்டும். மைதானத்துக்குத் தெருப்பக்கத்தில் தனிப் படலை. கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு வேலி. மாலையில் வருகிறவர்களுக்குத் தனி மலசலகூடம், பெண்களுக்கு வேறாக. மின்விளக்குக் கட்டணத்தை யார் கட்டுவது, புல்லை யார் வெட்டுவது என்று மாநகர சபையும் கல்வி வலயமும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். இவ்வளவும் அத்திவாரம் வெட்டமுதல் முடிய வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

அத்திவாரம் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் மண்ணை வெட்டுவது மற்ற ஊர்களில் வெட்டுவது போல இல்லை. 1999 இல் துரையப்பா அரங்கில் திருத்த வேலை நடந்தபோது மண்ணுக்குள் இருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2025 பெப்ரவரியில் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக வெட்டியபோதுதான் அங்கேயும் எலும்புகள் தெரிந்தன. அதற்குப் பிறகு நடந்ததை எல்லாரும் அறிவீர்கள். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுகிற தம்பிக்குக் கண்ணில் ஏதாவது பட்டால் வேலையை உடனே நிறுத்தி நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வேலை நின்றால் ஒப்பந்தகாரருக்கு நட்டம் வராது என்பதும் அதிலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டத்துக்குப் பயந்து மூடிவிடத்தான் பார்ப்பார்கள். காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்மார் இருக்கிற ஊரில் அது பெரும் பாவம்.

மற்ற நாடுகளில் பழைய அரங்குகளை எடுக்கும்போது நினைவுகளை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் பார்க்கத் தக்கது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 1909 இல் திறந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் என்ற பேஸ்போல் அரங்கு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழுந்தன. பந்தை அடிக்கும் ஆட்டக்காரர் பக்கத்தில் நிற்கும் அந்த நிலத்துத் தட்டை அங்கே எழுந்த ஒரு கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்குக் கீழே பதித்துவைத்தார்கள். பழைய மதிலின் ஒரு துண்டும் இன்னும் நிற்கிறது. சியாட்டில் நகரில் 1947 இல் கட்டிய மெமோரியல் ஸ்டேடியம் பாடசாலைகளுக்கே சொந்தமானது. இரண்டாம் உலகப்போரில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்கள் அங்கே ஒரு சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வளவில் உயர்நிலைப் பாடசாலை கட்டலாமா என்ற பேச்சும் ஒருகாலம் இருந்தது. கடைசியில் புதிய அரங்கே கட்டுவது, நினைவுச் சுவரைக் காப்பது என்று முடிவானது.

மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதுதான் வருகிறதே, நகரத்துக்குள் எதற்கு இன்னொன்று என்று சிலர் கேட்கலாம். அது பெரிய ஆட்டங்களுக்கான இடம். பண்ணைப் பாலம் தாண்டிப் போய் ஒவ்வொரு மாலையும் பயிற்சி எடுக்க ஏழைப் பிள்ளைக்கு பஸ் காசு யார் கொடுப்பது? நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் பயிற்சி மைதானம்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை இங்கே நினைக்க வேண்டும். யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்குபற்றினார். பிறகு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளில் படிப்பித்து, 2024 இல் மறையும்வரை இந்த மண்ணின் கல்விக்காகப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் வகுப்பறையும் மைதானமும் ஒன்றையொன்று தள்ளவில்லை. நம்முடைய பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறோம்?

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் கூட்டத்துக்குப் போங்கள். வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டடத்தின் நீள அகலம் எல்லாத் தாளிலும் இருக்கும். மைதானத்தின் நீள அகலம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்கிற காலத்தில் தை, மாசி மாதத்து மெய்வல்லுநர் போட்டிகளை எங்கே வைப்பது என்றும் கேளுங்கள். மணலும் கருங்கல்லும் கம்பியும் எங்கே பறிக்கப்படும் என்பதை மறக்காமல் கேளுங்கள். லொறி ஓடி இறுகிய நிலத்தில் பிறகு புல் இலேசில் பிடிக்காது. மைதானத்தை வேலியடைத்துப் பிரித்துவைக்கும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சின்னத் தொகைதான். பிறகு சேர்ப்போம் என்றால் விடாதீர்கள்.

நன்றி. வணக்கம்.