காவலர் வருவதற்கு முன்னால்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் வாழும் கறுப்பின இளைஞர்களின் மனநலம் என்று பேச்செடுத்தாலே, அவர்கள் உதவி கேட்கத் தயங்குகிறார்கள் என்று அவர்கள் மீதே குறை சொல்லித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தயக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு என்பதையே நான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

2010 ஆகஸ்ட் இறுதியில், ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயதுப் பட்டதாரியின் போக்கு திடீரென மாறியதைக் கண்டு கலங்கிய குடும்பத்தார் அவரை மருத்துவ உதவிக்கு அழைத்துச் சென்றார்கள். அதற்கு முன் அவருக்கு மனநோய் எதுவும் இருந்ததில்லை. யாருடைய கட்டாயமும் இல்லாமல், தாமாக இசைந்தே அவர் தெற்கு லண்டனின் பெத்லெம் ராயல் மருத்துவமனையில் சேர்ந்தார். பார்வையாளர் நேரம் முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அதன்பின் அவர் வெளியேற முயன்றபோது ஊழியர்கள் காவல்துறையை அழைத்தார்கள். 11 காவலர்கள் கைவிலங்கும் கால்கட்டும் பூட்டி, அவரைக் குப்புறக் கிடத்தி அழுத்திப் பிடித்தார்கள். நினைவிழந்தவர் சில நாட்களில் உயிர்நீத்தார். அளவுமீறிய பலப்பிரயோகம் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணையின் ஜூரிகள் 2017இல் முடிவு செய்தார்கள். ஒலசேனியின் சாவுக்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, நார்விச்சில் டேவிட் பென்னட் என்ற 38 வயதுக் கறுப்பினர் மனநல விடுதியொன்றில் ஊழியர்களின் பிடிக்குள் இறந்திருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சைன்ஸ்பரி மனநல மையம் 2002இல் வெளியிட்ட அறிக்கை இதன் வேரைத் தொட்டது. திடகாத்திரமான கறுப்பின இளைஞன் குரலை உயர்த்தினால் ஊழியர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தால் அடக்குமுறைக்கு உள்ளாவோமென அவனும் அஞ்சி, நோய் முற்றும்வரை ஒதுங்கியிருக்கிறான். முற்றிய நிலையில் காவலர் கையால் கொண்டுவரப்படுவதால் இருதரப்பு அச்சமும் மெய்யாகிவிடுகிறது. 2022-23இல் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக அடைக்கப்பட்டோர் வெள்ளையரில் லட்சத்துக்குச் சுமார் 64 என்றால், கறுப்பினரில் சுமார் 228.

ஒலசேனியின் தாய் அஜி லூயிஸ் ஓயாமல் போராடியதன் பயனாக 2018இல் ஒரு சட்டம் பிறந்தது. மக்கள் அதைச் சேனியின் சட்டம் என்றே அழைக்கிறார்கள். மனநல விடுதிகளில் பலப்பிரயோகம் பதிவு செய்யப்பட வேண்டும், நோயாளியின் இனமும் அதில் குறிக்கப்பட வேண்டும், அங்கு வரும் காவலர் இயன்றவரை உடற்கேமரா அணிய வேண்டும் என்கிறது அது. மகத்தான வெற்றிதான். ஆயினும் அது விடுதிக்குள் நடப்பதைக் கண்காணிக்கிறதேயன்றி, விடுதிக்கு வரும் வழியை மாற்றவில்லை.

அந்த வழியை மாற்ற எனக்கு நம்பிக்கை தருவது முடிதிருத்தும் கடை. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் லொரென்சோ லூயிஸ் தொடங்கிய கன்ஃபெஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, கறுப்பின முடிதிருத்துநர்களுக்கு மனநல உரையாடலில் பயிற்சி தருகிறது. தவறாமல் வந்து அதே நாற்காலியில் அமரும் இளைஞன் இந்த முறை வாய்திறக்கவில்லை, இளைத்திருக்கிறான், சரியாக உறங்கவில்லை என்பதை, எந்த மருத்துவரும் அறியும் முன்பே கத்தரி பிடித்தவர் அறிகிறார். அவரைக் கண்டு அவன் அஞ்சுவதில்லை; அவனைக் கண்டு அவரும் அஞ்சுவதில்லை.

ஆனால் அவர் மருத்துவர் அல்லர். அவர் சொல்லி அனுப்பும் இளைஞனை அந்த வாரமே சந்திக்க, அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்ப்பதானால் கடைக்காரருக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. அடுத்து, மனநல விடுதியில் ஓர் இளைஞன் சேரும் முதல் இரவில், அவன் விரும்பினால், தாயோ தந்தையோ உடன் தங்க இடம் தர வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை எந்த விடுதி நிர்வாகமும் காத்திருக்கத் தேவையில்லை.