ஜப்பானில் தேடிய குப்பைத்தொட்டி

பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே, எல்லோரையும்விட முக்கியமாக, இந்த வெக்கையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் கதர்த்துண்டு போர்த்தினீர்கள். வீட்டில் உபயோகப்படும், நன்றி. வணிகர் சங்கச் செயலாளரை விட்டுவிட்டதாகச் சீட்டு வருகிறது. அவருக்கும் என் வணக்கம்.

ஜப்பானில் பார்த்ததைப் பேசச் சொன்னார்கள். ரயில், பள்ளிக்கூடம், குப்பை என்று மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்.

1964 அக்டோபரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய புல்லட் ரயில் உங்களுக்குத் தெரியும். என்னை அசத்தியது சாதாரண நகர ரயில்தான். அத்தனை கூட்டத்திலும் செல்போனில் பேச்சுக்குரல் இல்லை. இறங்குகிறவர்கள் இறங்கும்வரை ஏறுகிறவர்கள் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கிறார்கள். ரயில் பற்றி இன்னும் நிறைய உண்டு, அப்புறம் வருகிறேன்.

நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழி சொல்லாமல் இறங்க மாட்டேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். சரி, சொல்லியாயிற்று.

டோக்கியோவில் உவேனோ பூங்கா. மதியப் பசிக்கு ஒரு சோற்று உருண்டை வாங்கினேன். ஓனிகிரி என்பார்கள். அதன் பிளாஸ்டிக் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறது. அந்த வரிசையில் இழுத்தால் கடற்பாசித் தாள் நமுத்துப் போகாமல் மொறுமொறுவென்று சோற்றைச் சுற்றிக்கொள்ளும். சாப்பிட்டேன், பாட்டில் தேநீரும் குடித்தேன். பிறகு உறையும் பாட்டிலும் கையில் இருக்கின்றன, தொட்டியைக் காணோம். பூங்காவைச் சுற்றினேன், தெருவில் நடந்தேன், ரயில் நிலையம்வரை போனேன். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பொது இடத் தொட்டிகளைப் பெருமளவு எடுத்துவிட்டார்களாம். பானம் விற்கும் தானியங்கிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கண்ணில் பட்டது. ஓடினேன். அதில் வட்டமாக ஓட்டை, பாட்டிலும் டப்பாவும் மட்டுமே நுழையும். பாட்டில் போயிற்று, உறை போகவில்லை. ஒரு பெரியவரிடம் சைகையில் கேட்டேன். அவர் தன் தோள்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த குப்பைப் பையைக் காட்டிச் சிரித்தார். நானும் உறையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன். சட்டையெல்லாம் கடற்பாசி வாசனை!

தங்கியது டோக்கியோவில் நிஷி கசாய் என்ற இடத்தில், தங்கை மகள் வீட்டில். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. அங்கே ஒரு தண்ணீர் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். "மாமா, மூடி தனி, லேபிள் தனி. பாட்டிலைக் கழுவி நசுக்கிக் குடுங்க" என்றாள். எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள். காலையில் தெருமுனையில் பைகளை வைத்து, காக்கை கிளறாமல் வலை போர்த்துகிறார்கள். தரம் பிரிக்காத பை காகிதம் ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும், வண்டி எடுக்காது. அந்த இடத்தைப் பெருக்குவது அக்கம்பக்கத்தார் முறை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறார்கள்!

ஷிகோகு தீவில் கமிகட்சு என்று ஒரு மலைக்கிராமம். மக்கள்தொகை 1,500க்கும் குறைவு. குப்பை வண்டியே வீடு வீடாக வருவதில்லை. அவரவரே மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். 2003இல் குப்பையற்ற ஊர் ஆவோம் என்று அறிவித்தவர்கள், இன்று சுமார் 80 விழுக்காட்டை மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள்.

பள்ளிக்கூடம்? பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கிறார்கள். தலைமை ஆசிரியை இருப்பதால் விரித்துப் பேச ஆசைதான், செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

நாம் நாற்பது வகை கேட்கவில்லை. தொடக்கத்துக்கு ஈரக்குப்பை, உலர்குப்பை இரண்டு போதும். வீட்டிலேயே பிரிக்கச் சொல்லித் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இலேயே வந்துவிட்டன. நாங்கள் பிரித்துக் கொடுத்தால் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள் என்று தாய்மார்கள் சொல்வது உண்மை. அதனால் வண்டியில் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். ஏரிக்கரையில் கொட்டுவது நிற்க வேண்டும். கையெழுத்துப் படிவம் வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். தடுப்பு வைத்த வண்டி எந்தத் தேதியிலிருந்து வரும் என்பதை நகர்மன்றத் தலைவர் இந்த மேடையிலேயே அறிவிப்பார் என்று நம்பி, ஒலிபெருக்கியை அவரிடம் தருகிறேன்.